முத்திரையா, கைரேகையா?

சென்ற கோடை விடுமுறையில் மணிமங்கலத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் வீட்டிற்குப் போயிருந்தேன். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஓர் ஆலையில் சேர்ந்தவன் அவன். பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, ஒன்றரை ஆண்டு அங்கே தங்கிவிட்டுத் திரும்பியிருந்தான். அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டியவன், கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தான். உள்ளே சாக்குக்கட்டி பருமனில், விரல் நீளத்தில் வழவழப்பான ஓர் உருளை. அதன் ஒரு முனையில் ஏதோ எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன.

“சார், அந்த ஊரில் நான் என்றால் இதுதான்” என்றான்.

வாடகை வீட்டிற்கும், வங்கிக் கணக்கிற்கும், அலுவலகத்தில் வந்த தபாலுக்கும் அதைத்தான் குத்தினானாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய ஆயா வாசலில் வந்து அமர்ந்தார். கையில் மடித்த வெறும் பை. ரேஷன் கடையிலிருந்து வருகிறார்.

“மிஷினு என் விரலை எடுக்க மாட்டேங்குதுடா. நாளைக்கு வான்னுட்டாங்க.”

ஆயா நாற்பது ஆண்டு சித்தாள் வேலை பார்த்தவர். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து கலந்து அவருடைய விரல் நுனிகள் கண்ணாடித் தாள் போல் ஆகிவிட்டன. பேரனிடம் ஒரு துண்டு மரம். அது அவன்தான் என்று ஒரு நாடே ஒப்புக்கொண்டது. ஆயாவிடம் அவருடைய சொந்த விரல். அது அவர்தான் என்று ஓர் இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. இவற்றில் எது சிறந்த அடையாளம்? அன்று மாலை முழுவதும் இதைத்தான் பேசினோம். எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன், அந்த முத்திரையைச் சற்று அருகில் பார்ப்போம்.

ஜப்பானியர் இதனை ‘ஹான்கோ’ என்பர். அதன் பதிவை ‘இன்கான்’ என்பதுண்டு. பேச்சில் இரண்டு சொற்களும் கலந்தே வழங்குகின்றன. நாம் கையெழுத்திடும் இடத்தில் அவர்கள் பெயர் முத்திரை குத்துகிறார்கள். ஒருவரிடம் பெரும்பாலும் மூன்று முத்திரைகள் இருக்கும். தபால் வாங்கவும் சுற்றறிக்கையைப் படித்ததற்கு அடையாளமாகவும் குத்துவது ஒன்று, அது சாதாரணமானது. வங்கிக்கென்று ஒன்று. மூன்றாவதுதான் முக்கியமானது. அதை நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். வீடு வாங்க, நிலம் விற்க, பெரிய கடன் பெற இதுதான் வேண்டும். இந்த முத்திரை உண்மையானதே என்று அலுவலகம் தரும் சான்றிதழையும் பத்திரத்துடன் இணைக்க வேண்டும்.

பதிவு செய்யும் முத்திரைக்கு விதிகள் உண்டு. அச்சு 8 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 25 மி.மீ. சதுரத்திற்குள் அடங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு முத்திரைதான். ரப்பர் முத்திரையை ஏற்கமாட்டார்கள். ஏன் என்று சொல்ல முடியுமா? ரப்பர் மீட்சித்தன்மை உடையது. மெல்ல அழுத்தினால் ஓர் அளவு, ஓங்கிக் குத்தினால் வேறோர் அளவு என்று அதன் அச்சு மாறும். நாளானால் ரப்பர் சுருங்கும், வெடிக்கும். மரமோ எருமைக் கொம்போ டைட்டேனியமோ அவ்வளவு எளிதில் வடிவம் மாறாது. எனவே பத்து ஆண்டுக்கு முன் குத்திய அச்சையும் இன்று குத்திய அச்சையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம்.

சிவப்பு மையிலும் ஒரு செய்தி இருக்கிறது. பழைய முறையில் அதற்கு நிறம் தந்தது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மெர்குரிக் சல்பைடு. நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று சொல்வது இதையே. ஆமணக்கெண்ணெயில் குழைத்து நாரில் ஊறவைப்பார்கள். செடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களைப் போல அது எளிதில் வெளிறுவதில்லை.

முத்திரை ஜப்பானியருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். சங்க காலத்தில் கரூர் வணிகர்கள் தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த மோதிரங்களை வைத்திருந்தனர். அவை அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்திருக்கின்றன. அனுமன் சீதையிடம் காட்டியதும் கணையாழிதானே! நம் மணிமங்கலத்தின் பெயரே முத்திரையிட்ட ஓர் ஆவணத்தில் இருக்கிறது. பல்லவன் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியன் புலிகேசியை மணிமங்கலம் முதலிய இடங்களில் வென்றான் என்ற செய்தியைக் கூரம் செப்பேடுகளில் காணலாம். செப்பேடுகளின் அமைப்பைக் கவனியுங்கள். ஏடுகளில் துளையிட்டு ஒரு வளையத்தில் கோப்பார்கள். வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் அரச முத்திரை இருக்கும். நடுவில் ஓர் ஏட்டை உருவிவிட்டுப் பொய்யான ஏட்டைச் செருக வேண்டுமானால் வளையத்தை வெட்டியாக வேண்டும். வெட்டினால் தெரிந்துவிடும்.

ஜப்பானில் கிடைத்த மிகப் புகழ் பெற்ற முத்திரையோ வெளிநாட்டில் செய்தது. கி.பி. 57-ல் சீனப் பேரரசர் ஜப்பானிலிருந்த ஒரு சிற்றரசருக்குப் பொன் முத்திரை ஒன்றை அளித்தார். 1784-ல் ஒரு தீவில் அது அகப்பட்டது. பக்கம் 2.3 செ.மீ.; எடை ஏறத்தாழ 108 கிராம். இன்று ஃபுக்குவோக்கா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடிமக்கள் அனைவரும் முக்கிய ஆவணங்களில் பதிவு செய்த முத்திரையைக் குத்த வேண்டும் என்ற அரசாணை 1873-ல்தான் வந்தது.

சரி, அந்த நாட்டில் குடியேறும் வெளிநாட்டார் என்ன செய்வார்கள்? முத்திரை கேட்கும் இடத்தில் வெளிநாட்டவர் கையெழுத்திட்டால் போதும் என்று 1899-லேயே ஜப்பான் சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் சட்டம் ஒன்று சொல்ல, வங்கி எழுத்தர் வேறொன்று சொல்வது உலகம் முழுவதும் உள்ள வழக்கம் அல்லவா? பல இடங்களில் முத்திரை இல்லாமல் வேலை எளிதில் நடக்காது. ஆகவே அங்கே தங்கும் வெளிநாட்டார் பலர் முத்திரை செய்துகொள்கிறார்கள். மூன்று மாதத்திற்கு மேல் தங்க அனுமதி பெற்று, குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் ஏறி, 15 வயதும் நிறைந்தவர் அதை முறைப்படி பதிவும் செய்துகொள்ளலாம்.

இங்கேதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் தொடங்குகிறது. ஜப்பானில் மலிவு விலைக் கடைகளில் முத்திரைகளைச் சுழலும் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். சாத்தோ, சுசுகி, தனாக்கா என்று குடும்பப் பெயர்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வரலாம். அந்தத் தட்டில் முருகேசனும் இல்லை, பாத்திமாவும் இல்லை. தனியாகச் செதுக்கச் சொல்ல வேண்டும். எதைச் செதுக்குவது? நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, தந்தையின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பத் தந்தை பெயரை எழுதியிருப்போம். எனவே அங்கே எல்லோரும் நம் பிள்ளையை அவன் அப்பாவின் பெயர் சொல்லி அழைப்பார்கள். “சார், என் அப்பா செய்யாத வேலைக்கெல்லாம் அவர் பெயரில் பாராட்டு வாங்கினேன்” என்று சிரித்தான் என் மாணவன்.

எழுத்துச் சிக்கல் இன்னும் வேடிக்கையானது. வெளிநாட்டுப் பெயர்களை ‘கட்டக்கானா’ என்ற எழுத்தில் எழுதுவார்கள். அதில் பெரும்பாலும் ஓர் எழுத்து ஓர் அசையைக் குறிக்கும். ‘ன்’ போன்ற ஒலி தவிர வேறு மெய்யெழுத்து தனித்து நிற்காது. பின்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். அருள் ‘அருரு’ ஆவான். செல்வம் ‘செருபாமு’ என்பது போல் ஒலிப்பான். ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்திற்கும் அங்கே ஒரே வரிசைதான். மாறனும் மாலனும் ஒன்றாக ஜப்பானுக்குப் போனால் இருவருடைய முத்திரையிலும் ஒரே எழுத்துகள்தான் இருக்கும்! அழகான சீன எழுத்துகளைத் தேர்ந்து ஒலிக்கு ஏற்பச் செதுக்கித் தரும் கடைகளும் உண்டு. நண்பர்களுக்குக் காட்ட அது நன்றாக இருக்கும். ஆனால் பதிவேட்டில் உள்ள பெயரோடு பொருந்தாத முத்திரையை நகராட்சி பதிவு செய்யாது.

“உன் பெயரே இல்லாத ஒன்றை உன் பெயர் என்று குத்துவது உறுத்தவில்லையா?” என்று கேட்டேன். முதலில் உறுத்தியதாம். பிறகு அது அந்த ஊருக்கான சட்டை போல ஆகிவிட்டது என்றான். திரும்பும் முன் பதிவை நீக்கிவிட்டு வந்தானாம். இன்று அந்த முத்திரை யார் கையில் கிடைத்தாலும் பெரிய தொல்லை எதுவும் நேராது. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியரே இப்போது முத்திரையை அலுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 2020-ல் கொரோனா பரவியபோது, ஒரு முத்திரை குத்துவதற்காக மட்டும் பலர் ரயிலேறி அலுவலகம் போக வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அரசு ஒரு கணக்கெடுத்தது. முத்திரை கேட்கும் ஏறத்தாழ 15,000 அரசு நடைமுறைகளில் 83-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அதை நீக்குவதாக அறிவித்தது. எனவே முத்திரை மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல வரவில்லை.

இப்போது ஆயாவின் விரலுக்கு வருவோம். கைரேகையின் வரலாறும் நம் நாட்டையும் ஜப்பானையும் தொட்டே செல்கிறது. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதற்கு ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதினார். பின்னர் அது தன் கையெழுத்தே அல்ல என்று கோனாய் மறுத்துவிடக் கூடாதே என்று, அவருடைய உள்ளங்கையில் மை தடவித் தாளில் பதிக்கச் செய்தார். அந்த மை எது தெரியுமா? ஹெர்ஷல் தம் அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மை! சில ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோ மருத்துவமனையில் பணியாற்றிய ஹென்றி ஃபோல்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், பழங்காலப் பானை ஓடுகளில் குயவரின் விரல் பதிவுகளைக் கண்டு ஆராயத் தொடங்கினார். குற்றவாளிகளைக் கண்டறியக் கைரேகை உதவும் என்று 1880-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பு பெரிது.

கைரேகையின் சிறப்பை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழந்தை கருவில் இருக்கும்போதே விரல் வரிகள் அமைந்துவிடுகின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்க்கும் அவை ஒன்றாக இருப்பதில்லை. மேல்தோல் தேய்ந்தாலும் அடியிலுள்ள அமைப்பிலிருந்து அதே வரி மீண்டும் வளரும். ஆனால் வளர நாள் வேண்டும். நாள்தோறும் சுண்ணாம்பு அரித்துக்கொண்டே இருந்தால் எப்போது வளரும்? வயதாக ஆகத் தோல் வறண்டு வரிகளின் உயரமும் குறைகிறது. மேட்டிற்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கருவி படிக்கிறது. வேறுபாடே இல்லாவிட்டால் அது எதைப் படிக்கும்? ஆக, கையால் மிகுதியாக உழைத்தவரையே இந்த முறை முதலில் கைவிடுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. முத்திரைக்கு இடம் தந்த அதே ஜப்பான், அங்கே குடியிருந்த வெளிநாட்டாரிடம் 1955 முதல் கட்டாயமாகக் கைரேகை எடுத்தது. சொந்தக் குடிமக்களிடம் அவ்வாறு எடுக்கவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினர் பலர் 1980-களில் “நாங்கள் குற்றவாளிகளா?” என்று கேட்டு விரல் பதிக்க மறுத்தனர். வழக்குகள் நடந்தன. 1993-ல் நிரந்தரக் குடியிருப்பாளருக்கும் 2000-ல் மற்றவர்க்கும் அது நீக்கப்பட்டது. 2007 நவம்பர் முதல் நாட்டிற்குள் நுழையும் வெளிநாட்டாரிடம், சிலர் நீங்கலாக, மீண்டும் எடுக்கிறார்கள். ஒரு முத்திரையைக் கொடுத்துக் குத்தச் சொல்வது வேறு. விரலைப் பிடித்துப் பதிப்பது வேறு. முன்னதில் நான் ஒப்புதல் தருகிறேன். பின்னதில் என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரிலும் ‘கைநாட்டு’ என்பது ஒரு காலத்தில் இழிசொல் அல்லவா? அதை ஒழிக்க அறிவொளி இயக்கத்தில் எத்தனையோ பேர் இரவு இரவாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். இன்று பொறியியல் பட்டம் பெற்றவரும் ஆலை வாசலில் காலையும் மாலையும் விரலைத்தான் வைக்கிறார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் என் கருத்துக்கு உண்மையான காரணம் வேறு. 2018-ல் தெலங்கானாவில் ஒருவர் பிடிபட்டார். நிலப் பதிவு ஆவணங்கள் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தன. ஆவணங்களில் விற்றவர், வாங்கியவரின் பெருவிரல் பதிவுகளும் இருந்தன. அவற்றைப் பதிவிறக்கி, முத்திரைக் கடைகளில் ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கருவியில் இட்டு ரப்பர் விரல்களைச் செய்துவிட்டார். அவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கினார். பார்த்தீர்களா? பிரிக்கவே முடியாதது என்று நம்பிய விரல், கடைசியில் ஒரு முத்திரையாகிவிட்டது!

இங்கேதான் என் மாணவனின் மரத்துண்டு வெல்கிறது. அது தொலைந்தால் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துப் பழைய பதிவை நீக்கிவிட்டு, வேறொன்று செதுக்கிக்கொள்ளலாம். விரலின் அச்சு களவு போனால் யாரிடம் போய் வேறு விரல் கேட்பது? பத்துதான் இருக்கின்றன. பூட்டு எவ்வளவு வலியது என்பதைவிட, சாவி தொலைந்தால் பூட்டை மாற்ற முடியுமா என்பதே முதல் கேள்வி என்பேன்.

இதைப் பழமைப் பற்று என்று நினைக்க வேண்டாம். இன்றைய மின்னணுக் கையொப்பமும் முத்திரையின் வழியில் வந்ததுதான். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்கு இடம் தந்தது. அதில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்றை நீங்கள் மறைவாக வைத்துக்கொள்கிறீர்கள், முத்திரை போல. மற்றொன்று எல்லோருக்கும் தெரியும். நகராட்சியில் பதிந்த அச்சு போல. ஒரு வகைச் சாவிகள் மிகப் பெரிய இரு பகா எண்களைக் கொண்டு அமைகின்றன. அவ்விரண்டையும் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். மறைவுச் சாவி களவு போனால் சான்றிதழை நீக்கலாம். நீக்கப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலும் வெளியாகும். ஆதாரிலும் இந்த எண்ணம் ஓரளவு நுழைந்திருக்கிறது. 12 இலக்க எண்ணுக்குப் பதிலாக, வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய 16 இலக்க எண் 2018 முதல் உண்டு. விரல் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

எதிர்வாதமும் வலுவானதே. ஆயாவால் மறைவுச் சாவியைப் பாதுகாக்க முடியுமா? செல்போனில் வரும் எண்ணைப் படித்துச் சொல்வாரா? முத்திரை கொடுத்தால் அதைக் கடைக்காரரோ உறவினரோ வாங்கி வைத்துக்கொண்டு அவர் அரிசியை எடுத்துவிடமாட்டார்களா? விரலை அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்! இதில் உண்மை இருக்கிறது. மேலும், வைத்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையும் 2023-ல் ஆதாரில் வலுப்படுத்தப்பட்டது. விரலை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரல் ஒரு சாட்சியாக இருக்கட்டும். ஒரே சாட்சியாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் பலவற்றில் கருவிழி பார்க்கும் கருவி வந்திருக்கிறது. நடக்க முடியாத முதியவர், வேறொருவரை நியமித்துப் பொருள் பெறப் படிவமும் இருக்கிறது. “நாளைக்கு வா” என்று சொல்வதற்கு முன் இவற்றை எடுத்துச் சொல்வது விதியாக வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

மறுநாள் காலை பேரன் ஆயாவைக் கடைக்கு அழைத்துச் சென்றான். நானும் உடன் போனேன். அவன் ஈரத் துணியால் ஆயாவின் விரல்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைக்கச் சொன்னான். பெருவிரல்கள் இரண்டும் விழவில்லை. ஆள்காட்டி விரல்களும் விழவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினர். ஏழாவது முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. எந்த விரல் என்று எட்டிப் பார்த்தேன். இடக்கை மோதிர விரல். சாந்து கலக்கும்போது அதிகம் தேயாத விரல் அதுவாக இருக்கும் என்றார் ஆயா. பேரன் அதைக் குடும்ப அட்டை உறையின் மேல் பேனாவால் எழுதிவைத்தான்.